உன் அறையில் வளரும் சலாது

தம்பி,

வருகிற வெள்ளிக்கிழமை நீ கையெழுத்து வைப்பதற்கு முன் இதை வாசித்துவிடு. தபாலில் போட்டால் நோர்வேயில் உன் ஊருக்குப் போய்ச்சேர மாசி பிறந்துவிடும். அதனால் எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். எழுத்து தெளிவில்லாவிட்டால் சொல், திரும்ப எடுத்து அனுப்புகிறேன். இதைப் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நீ "பிறகென்னம்மா?" என்று கேட்டவுடனே, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு "சாப்பிட்டியோ?" என்று கேட்டுவிடுகிறேன். நாலு வருடமாக அப்படித்தான் நடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய்: "அம்மா, வேலை இடத்திலை இன்னும் மூண்டு வருசத்துக்கு ஒப்பந்தம் தந்திருக்கினம். வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கப்போறன்." நான் "நல்லது ராசா" என்றேன். போனை வைத்துவிட்டு உன் அறைக்குள் போய், நீ படித்த மேசையில் நிற்கிற சலாதுக் கீரைக் கன்றுகளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்கழியில் நீ என்னிடம், "நான் ஊருக்குத் திரும்பி வரட்டேயணை?" என்று கேட்டாய். நான் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. அந்த "வேண்டாம்" இன்னும் நான் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. அதை எடுத்த பிறகுதான் நீ பேனையைத் தொட வேண்டும். இந்தக் கடிதம் அதற்காகத்தான். ஆனால் அதை நேராகச் சொல்ல எனக்கு வராது. சலாதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனால் அந்த இடத்துக்கு வந்துசேருவேன். பொறுமையாக வாசி.

நீ நோர்வேக்குப் போன முதல் வருடம், கார்த்திகை மாதத்தில் ஒருநாள் போனை யன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாய். எங்களுக்குப் பின்னேரம் நாலரை, உனக்கு நடுப்பகல். வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பனியும், அதற்கு மேல் நீலமாக ஓர் இருட்டும். இனி இரண்டு மாதத்துக்குச் சூரியன் எழும்பாது என்று நீ சொன்னபோது அப்பா நம்பவில்லை. "இவன் பாயாலை எழும்பாமல் கிடந்துகொண்டு புளுகுறான். மணிக்கூட்டைக் காட்டச் சொல்லும்" என்றார். நீ மணிக்கூட்டைக் காட்டினாய். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப உடுப்பு எங்கையடா காயுது?" என்று கேட்டார். "வீட்டுக்குள்ளைதான் அப்பா." "மிளகாய்?" "இஞ்சை ஆரப்பா மிளகாய் காயப்போடுறது?" அப்பா போனை என் கையில் தந்துவிட்டு, "வெயில் இல்லாத நாட்டிலை சனம் என்னத்துக்கு இருக்குதோ தெரியேல்லை" என்று சொல்லிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அவருக்கு அது பகிடி இல்லை. உண்மையாகவே விளங்கவில்லை.

எனக்கும் விளங்கவில்லை. ஆனால் விளங்காததை அப்படியே விட எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியாது. உன் புவியியல் புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்தேன். ஒரு தேசிக்காயில் மேலிருந்து கீழாக ஊசியைக் குத்தி, படத்தில் இருந்த மாதிரிச் சரித்துப் பிடித்து, ரோச் லைற்றை ஒரு பக்கத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். அப்பா வாசலில் நின்று, "தேசிக்காயிலை ஊசி குத்தி ஆருக்குச் செய்வினை செய்யிறீர்?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. தேசிக்காய் எத்தனை தரம் சுற்றினாலும் ஊசி குத்திய மேல்முனையில் வெளிச்சம் படவே இல்லை. மற்ற இடமெல்லாம் பகலும் இரவுமாக மாறி மாறி வருகிறது. அந்த முனை மட்டும் இருட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த முனையில் என் பிள்ளை இருக்கிறான் என்று நினைத்து அதை விரலால் தடவினேன். பிறகு இதை ஊர் முழுக்க ஆயிரம் தரம் விளக்கிச் சொல்லியிருப்பேன், ஆனால் அன்றைக்குக் கையில் அந்தத் தேசிக்காயை வைத்துக்கொண்டு இருந்தபோது வந்த பிரமிப்பு இன்னும் போகவில்லை.

அப்படிப்பட்ட ஊரில் மூன்றாவது மாரியில் நீ எனக்கு ஒரு தோட்டத்தைக் காட்டினாய். நீ இருக்கிற கட்டடத்தில் யாரோ வீடு மாறிப் போகிறபோது மாடிப்படிக்குக் கீழே ஒரு தட்டையும், பயிர் வளர்க்கிற நீளமான விளக்கு இரண்டையும் விட்டுவிட்டுப் போனார்கள் என்றாய். அதைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து விதை போட்டாயாம். நீ போனைத் திருப்பினாய். யன்னலுக்கு வெளியே அதே நீல இருட்டு. உள்ளே, கைக்கெட்டும் தூரத்தில், மூன்று வரிசை சலாது, நாலு வெந்தயக் கீரை, ஒரு சாடியில் கொத்தமல்லி. தம்பி, நான் தோட்டக்காரன் வீட்டில் பிறந்து தோட்டக்காரனைக் கட்டினவள். பச்சை என்பது எனக்குப் புதினமான நிறம் இல்லை. ஆனால் அந்தப் பச்சையைக் கண்டு நான் சமையலை விட்டுவிட்டுக் குசினி வாசலில் அப்படியே இருந்துவிட்டேன். அப்பாவைக் கூப்பிட்டேன். "பிளாஸ்ரிக்காய் இருக்கும்" என்றார். பிறகு, "பிச்சுக் காட்டச் சொல்லும்" என்றார். நீ ஓர் இலையைப் பிய்த்து வாயில் வைத்துக் கடித்தாய். அந்த 'நறுக்' என்ற சத்தம் இவ்வளவு கடலையும் தாண்டி எங்கள் குசினிக்குள் கேட்டது. அப்பா கிட்ட வந்தார். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி, "தண்ணி எத்தினை நாளுக்கு ஒருக்கா விடுறாய்?" என்று கேட்டார். அந்த உடுப்பு, மிளகாய்க் கேள்வியை விட்டால், நீ போன நாளிலிருந்து உன் வாழ்க்கையைப் பற்றி அப்பா உன்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். நீ கவனித்தாயோ தெரியாது. நான் கவனித்தேன்.

போன ஆவணியில் லீவில் வந்த உன் சிநேகிதனிடம் நீ அதே மாதிரி விளக்கு ஒரு சோடியும், விதைப் பக்கற்றும் தந்து அனுப்பினாய். "மாரியிலை வெளியிலை எல்லாம் அழுகுதெண்டு சொல்லுவியள். உள்ளுக்கை வைச்சுப் பாருங்கோவன்" என்றாய். பக்கற்றின் மேல் உன் கையெழுத்தில், 'மூட வேண்டாம். மேலே தூவினால் போதும்' என்று எழுதியிருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது நான் உன் அறையில் தொடங்கினேன். ஐஸ்கிறீம் பெட்டிகளின் அடியில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டேன். எங்கள் செம்மண் தனியாக என்றால் இறுகிவிடும் என்று தேங்காய்த் தும்புத்தூளும் காய்ந்த எருவும் கலந்தேன். விதையைத் தூவினேன். தூவிவிட்டு, சொன்னால் சிரிப்பாய், விரலால் மண்ணைத் தள்ளி மூடினேன். நீ எழுதியதை வாசித்திருந்தேன். மறக்கவும் இல்லை. ஆனால் விதையைத் திறந்தபடி விட என் கைக்குத் தெரியவில்லை. பிள்ளையைப் போர்த்தாமல் மழையில் விட்ட மாதிரி இருந்தது. பத்து நாள் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

இரண்டாம் முறை மனதைக் கல்லாக்கிக்கொண்டு மூடாமல் விட்டேன். மூன்றாம் நாள் காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு விதையின் வாயிலும் ஒரு வெள்ளை நூல், பனித்துளியை நூற்ற மாதிரி. உன்னைக் கேட்டபோது, "இந்த விதைக்கு முளைக்கிறதுக்கே வெளிச்சம் வேணும் அம்மா, இருட்டுக்கை கிடந்தால் எழும்பாது" என்றாய். நான் இவ்வளவு காலமும் விதை என்றால் இருட்டுக்குள் முளைத்து வெளிச்சத்துக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். கண் திறக்க முதலே வெளிச்சத்தை அறிகிற ஒரு விதை இருக்கிறது என்று ஐம்பத்தாறு வயதில்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து நாள்தோறும் உன் பழைய அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதினேன். நாலாம் நாள் இரண்டு இலை, வட்டமாக. எட்டாம் நாள் மூன்றாவது இலை, முதல் இரண்டைப் போல் இல்லாமல் ஓரம் சுருங்கி, சலாது என்று சொல்லக்கூடிய முகத்தோடு. பதினேழாம் நாள் காலையில் இலையின் ஓரமெல்லாம் தண்ணீர்த் துளி, கோத்து வைத்த மாதிரி. நான் தண்ணீர் தெளிக்கவில்லை. கூரையும் ஒழுகவில்லை. கன்று தானே குடித்து மிஞ்சிய தண்ணீரை இலை நுனியால் வெளியே விடுகிறதாம், உன் விஞ்ஞானப் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. அதே படத்தை நானும் பள்ளிக்கூடத்தில் கீறி, பெயர் குறித்து, முழுப் புள்ளி வாங்கினேன். ஒருநாளும் ஓர் இலையைக் குனிந்து பார்த்ததில்லை.

ஊர் சும்மா இருக்குமா? மாரிக்காலத்தில் மழை மூட்டத்தோடு ஐந்து மணிக்கே இருண்டுவிடுகிறது. உன் அறை யன்னலால் ஊதா நிறமாக வெளிச்சம் ஒழுங்கைப் பாதை வரைக்கும் விழுந்தது. பக்கத்து வீட்டுக் கமலாக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னடியாத்தை, வீட்டுக்குள்ளை கொட்டகை போட்டுப் படம் ஓட்டுறியளோ?" என்று கேட்டார். பயிர் வைத்திருக்கிறோம் என்று நான் சொன்னதும் குரலைத் தாழ்த்தி, "வெளியிலை வைக்கேலாத பயிரோ?" என்றார். "ஓமக்கா, ஆடு தின்னுற பயிர்" என்று அப்பா உள்ளே இருந்து சொன்னார். பிறகு அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். கமலாக்கா கோயிலில் நிற்கிறவர் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே மழை கொட்டுகிறது, தோட்டமெல்லாம் கணுக்கால் வெள்ளம், கத்தரி அழுகிப் படுத்துவிட்டது. இங்கே ஒரு மேசையில் ஒரு குறையும் இல்லாமல் இலை விரிந்து நிற்கிறது. "உவன் அங்கை இருந்துகொண்டு இஞ்சை பயிர் செய்யிறான் பார்" என்றார். அந்தச் சொல்லை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்பா செய்த கூத்தை நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. மார்கழி நடுவில் ஒருநாள் நான் சுன்னாகம் சந்தைக்குப் போய்விட்டு வருகிறேன், உன் அறைக் கதவு திறந்து கிடக்கிறது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார், நல்ல வேலை செய்த முகத்தோடு. உள்ளே போய்ப் பார்த்தால், பதினாலு கன்றிலும் நடுக்குருத்து இல்லை. ஒன்றுவிடாமல் கிள்ளியாகிவிட்டது. "என்னப்பா செய்தனீங்கள்!" என்று கத்திவிட்டேன். "இலைப் பயிரெண்டால் குருத்தை முறிக்க வேணும். அப்பத்தான் இலை தடிச்சு அகலும். நாப்பது வருசமாய்ப் போயிலை நடுறவனுக்குப் படிப்பிக்க வாறீரோ?" என்றார், புகையிலைத் தோட்டக்காரர். "இது போயிலை இல்லையப்பா! இதின்ரை குருத்தைத்தான் தின்னுறது!" அப்பா கன்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கன்றைப் பார்த்தார். "அப்ப ஏன் முதலே சொல்லேல்லை?" என்றார்.

அன்று பின்னேரம் நீ போன் எடுத்தபோது அப்பா தானாக வந்து போனை வாங்கினார். "மோனை, நான் அவசரப்பட்டுட்டன். உன்ரை கண்டெல்லாத்தையும் பழுதாக்கிப் போட்டன். குறை நினையாதை" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, தம்பி. முப்பத்திரண்டு வருடத்தில் அப்பா ஒருவரிடம் அப்படி மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. ஒரு சலாதுக் கன்றுக்காக அவரால் அப்படிக் கேட்க முடிந்தது. நான் உன்னிடம் கேட்க வேண்டியது எவ்வளவோ பெரியது, நான் இரண்டு வருடமாக வாயைத் திறக்கவில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தக் கன்றுகள் சாகவில்லை. ஒரு கிழமையில் முறித்த இடத்தைச் சுற்றி ஒவ்வோர் இலையின் அடியிலிருந்தும் ஒரு சின்னக் குருத்து வந்தது. ஒன்று இருந்த இடத்தில் நாலு, ஐந்து. நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சீவன் உள்ள சாமான்" என்று மட்டும் சொன்னார்.

இனிச் சொல்லக் கஷ்டமான இடம். குருத்துப் போன கன்றுகள் தேறாது என்று பயந்து, அப்பா கிள்ளிய மறுநாளே நான் வேறு இரண்டு பெட்டியில் விதை தூவியிருந்தேன். விளக்குக்குக் கீழே இடமில்லை. யன்னலடியில் வைத்தேன். வெளிச்சம் வரும்தானே என்று நினைத்தேன். அந்த மார்கழி எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. பன்னிரண்டு நாள் வானம் சாம்பல் நிறமாகவே கிடந்தது. ஆனால் அந்தப் பெட்டிகளில் கன்று எழும்பிய வேகத்தைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். விளக்குக்குக் கீழே வளர்ந்தவை அந்த வயதில் ஒரு விரல்மடிப்பு உயரம்கூட இல்லை. இவை அதைப்போல் மூன்று மடங்கு. மெல்லிசாக, வெள்ளை வெளேரென்று, எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து. கமலாக்கா வந்து, "இதுதான் நல்ல சாதி போலை. என்ன வெள்ளை, என்ன நெடுப்பம்!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஞாயிறு உனக்குக் காட்டினேன். "பார், உன்ரையிலும் பாக்க உயரம்!" என்றேன். நீ முதலில் சிரித்தாய். பிறகு போனைக் கிட்டப் பிடிக்கச் சொன்னாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "அம்மா, அது வளரேல்லை. வெளிச்சத்தைத் தேடி ஓடுது. உள்ளுக்கை ஒண்டும் இல்லை. தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். விரல் படப் பட ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தண்டு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, ஈரமான நூல். இருக்கிற கொஞ்சப் பலத்தையும் உயரத்துக்குச் செலவழித்து, எங்கேயாவது வெளிச்சம் இருக்குமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அதை அளந்து, கொப்பியில் எழுதி, பக்கத்தில் 'மிக நன்று' என்று போட்டு வைத்திருக்கிறேன்.

போனை வைத்துவிட்டு விறாந்தைக்கு வந்தேன். சுவரில் உன் படம். நீ இரண்டாவது மாரியில் உன் பிறந்தநாளுக்கு அனுப்பிய படம். நான் யாழ்ப்பாணம் ரவுணுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியது. முகம் வெளுத்து, கழுத்து நீண்டு, சேட்டுக்குள் உடம்பு இருக்கிற இடம் தெரியாமல் நிற்கிறாய். அந்தப் படத்தை நான் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன்! "பாருங்கோ, போன இடத்திலை எப்பிடி வெளுத்துப் போனான். வளந்தும் போனான்" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன். பார்த்தவர்களும் "வெள்ளைக்காரன் மாதிரியல்லோ இருக்கிறான்" என்று சொன்னார்கள். வெளுத்தால் நன்றாக இருக்கிறான், கறுத்தால் வெயிலில் கஷ்டப்படுகிறான். எங்களுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். அந்தப் படம் வந்த மாதம்தான் நீ என்னிடம் "நான் திரும்பி வரட்டேயணை?" என்று கேட்டாய். சுவருக்கு முன்னால் நின்று அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடமும், இரண்டு ஐஸ்கிறீம் பெட்டிச் சலாதும் தேவைப்பட்டிருக்கிறது.

நீ கேட்ட அந்த நாளை நான் மறக்கவில்லை. குரல் கட்டியிருந்தது. தடிமன், மூக்கடைப்பு என்று சொன்னாய். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை என்றாய். "காலமை எழும்ப மனம் வரேல்லையம்மா. எது காலமை எண்டும் தெரியேல்லை" என்றாய். அதற்குப் பிறகுதான் அதைக் கேட்டாய். நான் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஒரு சொல்லுக்குக்கூடக் கேட்கவில்லை. "என்ன கதை கதைக்கிறாய்? ஊர்ச்சனம் என்ன சொல்லும்? போனவன் ஏன் திரும்பி வந்தவனெண்டு ஆயிரம் கதை கட்டும். அப்பா உடைஞ்சு போவார். சன்னதிக்கு நேர்த்தி வைக்கிறன், எல்லாம் சரிவரும்" என்றேன். நீ "சரியம்மா" என்றாய். நேர்த்தி வைத்தேன். தொண்டைமானாற்றுச் சன்னதிக்குப் போய் அர்ச்சனையும் செய்தேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை முருகனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பாரம் இறங்கியது என்று பஸ் ஏறி வந்தேன். தம்பி, நாளைக்கு உன்னிடமும் யாராவது, உன் மனைவியோ பிள்ளையோ, கூட வேலை செய்கிறவனோ, "நான் வரட்டா?" என்று கேட்பார்கள். பதில் எதுவானாலும் பிறகு சொல். முதலில் "என்ன நடந்தது?" என்று கேள். என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல புத்தி வேறில்லை. நான் செய்யாததால் தெரிந்துகொண்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் இவ்வளவும் எழுதிப் பிரயோசனமில்லை. "அப்பா உடைஞ்சு போவார்" என்று சொன்னேனே, நான் அப்பாவைக் கேட்கவே இல்லை. நீ அப்படிக் கேட்டாய் என்பதையே அவருக்குச் சொல்லவில்லை. பயந்தது நான். ஊருக்குப் பயந்தது நான். அதற்கு அப்பாவின் பெயரைப் போட்டேன். இரண்டு வருடமாக நீ அப்பாவோடு அளந்து அளந்து கதைப்பதைக் கேட்கிற ஒவ்வொரு தரமும், இதற்குக் காரணம் என் வாய் என்று எனக்குத் தெரியும்.

உன் ஊரில் போன கிழமைதான் சூரியன் திரும்ப வந்தது என்று சொன்னாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வேலையாட்களும் வெளியே வந்து நின்று, மலைக்கு மேலே பத்து நிமிடம் அது எட்டிப் பார்த்துவிட்டுப் போவதைக் கைதட்டிப் பார்த்தார்கள் என்றாய். நாங்கள் இங்கே முற்றத்தில் பொங்கிப் படைத்து ஒரு கிழமைதான் ஆகிறது. இவ்வளவு காலமும் பொங்கலன்று கும்பிடும்போது, நாளைக்கு இது வருமோ என்ற நினைப்பே எனக்கு இருந்ததில்லை. அது வராமலும் இருக்கலாம் என்று அறிந்த சனம் உன்னைச் சுற்றி இருக்கிறது. அந்த இருட்டுக்குள் யாரும் சொல்லித் தராமல், யாரோ விட்டுப்போன விளக்கைத் தூக்கி வந்து, விதை போட்டு எழும்பியவன் நீ. அப்படிப்பட்ட உன்னை நான் பெற்றேன் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. நான் உன்னைப் பார்த்து வியக்கிறேன், தம்பி. ஒரு தாய் பிள்ளைக்கு இதை எழுதலாமோ தெரியாது. எழுதிவிட்டேன்.

அதனால் இதைச் சரியாக விளங்கிக்கொள். நீ வரத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உனக்கு இப்போது அந்த ஊர் பிடித்திருக்கலாம். அங்கே சிநேகிதர்கள் இருக்கிறார்கள், உன் தட்டில் கீரை இருக்கிறது. விரும்பிக் கையெழுத்து வைக்கிறாய் என்றால் வை, நான் சந்தோசப்படுவேன். ஆனால் போக இடமில்லை என்பதற்காக வைக்காதே. வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக வைக்காதே. சொன்னது நான் ஒருத்தி. பிழையாகச் சொன்னேன். அந்தப் பேச்சை இந்தக் கடிதத்தோடு திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நேற்றுக் காலையில் அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறிப் பாத்திகளை நனைத்துவிட்டு வந்து, மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார். நான் முடித்த பிறகும் நின்றார். பிறகு, "அவன் ரெண்டு வருசமாய், நான் வேண்டாமெண்டு சொன்னதாய் நினைச்சுக்கொண்டிருக்கிறானோ?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினார். வழமையாக இரண்டு வாளி ஊற்றுகிறவர், அன்றைக்கு எத்தனை வாளி அள்ளி ஊற்றினார் என்று எனக்கே தெரியாது. பிறகு வந்து குசினித் திண்ணையில் இருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "அவனுக்குக் கடிதம் எழுதப்போறன். நீங்கள் என்ன சொல்லுறியளெண்டு எழுத?" என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உன் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிவிட்டது. பிறகு சொன்னார். அவர் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"சொந்த வீட்டுக்கு வாறதுக்கு ஆரும் உத்தரவு கேக்கிறேல்லை எண்டு எழுதும்."

அம்மா